கரை உடைப்பும் மதகு அடைப்பும்: நோயிலும் மருந்தின் விளைவிலும் ஈறுத் திசுவின் உயிர்வேதியியல்

முன்னுரை

வீங்கிய ஈறு என்பது கண்ணுக்கு ஒரே காட்சிதான். திசுவுக்குள் நடப்பது ஒன்றல்ல. வைட்டமின் சி குறைந்த ஸ்கர்வி நோயாளியின் ஈறு வீங்கும். பல் துலக்காமல் விட்டவரின் ஈறும் வீங்கும். வலிப்புக்கு ஃபெனிடாயின் உட்கொள்பவரின் ஈறும் வீங்கும். முதலாவதில் திசுவுக்குத் தேவையான நார்ப்புரதம் சரியாக உருவாவதில்லை. இரண்டாவதில் உருவான நார் அழிக்கப்படுகிறது. அந்த இடத்தை நீரும் வெள்ளணுக்களும் நிரப்புகின்றன. மூன்றாவதில் நார் உருவாகிறது, ஆனால் உரிய காலத்தில் அகற்றப்படாமல் தேங்குகிறது.

இம்மூன்றில் பின்னிரண்டையும் ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பல்சூழ் திசு நோயைத் திசுவின் இழப்பு என்றும், மருந்தால் வரும் மிகைவளர்ச்சியைத் திசுவின் பெருக்கம் என்றும் கொண்டு, இரண்டையும் எதிரெதிர்த் துருவங்களாகக் காண்பது வழக்கம். அது முழு உண்மையன்று. ஈறில் கொலாஜன் வெளியேற இரண்டு வழிகள் உள்ளன. நோய் ஒரு வழியைக் கட்டுமீறித் திறக்கிறது. மருந்து மற்றொரு வழியை அடைக்கிறது. வழிகள் வேறு என்பதால் இரண்டும் ஒரே வாயில் ஒரே நேரத்தில் நிகழவும் முடியும்.

1. நலமான ஈறின் வேதிக் கட்டமைப்பு

1.1 கொலாஜன்

ஈறின் மேற்புறம் எபிதீலியம். அதற்கடியில் இணைப்புத் திசு. இணைப்புத் திசுவின் பருமனில் ஏறத்தாழ 60 விழுக்காடு கொலாஜன் நார்கள். அவற்றை உருவாக்கும் நார்ச்செல்களான ஃபைப்ரோபிளாஸ்ட்கள் சுமார் 5 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் செல்லிடைப் பொருளும் அடங்கும். நார்களில் பெரும்பங்கு முதல் வகைக் கொலாஜன், அடுத்தது மூன்றாம் வகை. நான்காம் வகை எபிதீலியத்தின் அடித்தளச் சவ்வில் இருக்கிறது.

கொலாஜன் மூன்று புரதச் சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட கயிறு. இந்த மும்முறுக்கு அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் 1954-ல் முன்வைத்தனர். சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். முறுக்கின் நடுவே வேறு எந்த அமினோ அமிலத்துக்கும் இடம் போதாது. மற்ற இடங்களில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் மிகுதி.

புரோலினில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்ப்பது புரோலில் ஹைட்ராக்சிலேஸ் நொதி. அதற்கு ஆக்சிஜன், இரும்பு, ஆல்ஃபா கீட்டோகுளுட்டாரேட், வைட்டமின் சி ஆகியவை வேண்டும். வைட்டமின் சி இல்லையேல் உடல் வெப்பத்தில் மும்முறுக்கு நிலைக்காது. ஸ்கர்வியில் ஈறு குழைவது இதனால்தான். செல்லுக்கு வெளியே வந்த கொலாஜன் இழைகளைத் தாமிரம் சார்ந்த லைசில் ஆக்சிடேஸ் குறுக்குப் பிணைப்புகளால் இறுக்குகிறது. ஹைட்ராக்சிபுரோலின் வேறு புரதங்களில் அரிதென்பதால், திசுவில் அதன் அளவே கொலாஜனின் அளவுகோலாகப் பயன்படுகிறது.

1.2 சர்க்கரைச் சங்கிலிகள்

நார்களுக்கிடையிலான வெளியை நிரப்புபவை கிளைக்கோசமினோகிளைக்கான்கள் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். ஈறின் இணைப்புத் திசுவில் டெர்மடான் சல்ஃபேட் முதன்மையானது. எபிதீலியத்தில் ஹெபரான் சல்ஃபேட் மிகுதி. காண்ட்ராய்டின் சல்ஃபேட்டும் ஹயலூரோனானும் உடனிருக்கின்றன. ஹயலூரோனான் தவிர மற்றவை புரதங்களோடு பிணைந்து புரோட்டியோகிளைகான்களாக உள்ளன. இச்சங்கிலிகளின் எதிர்மின்னேற்றம் நீரை ஈர்த்து வைக்கிறது. மெல்லும்போது விழும் அழுத்தத்தை ஈறு தாங்குவதில் இந்நீருக்குப் பங்குண்டு. டெக்கோரின் என்னும் சிறு புரோட்டியோகிளைகான் கொலாஜன் இழைகளின் தடிமனை ஒழுங்குபடுத்துகிறது. டிஜிஎஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணியைப் பிடித்தும் வைக்கிறது.

1.3 இடைவிடாப் புதுப்பிப்பு

ஈறு உறைந்த கட்டடமன்று. எலிகளில் செய்த அளவீடுகளின்படி கொலாஜனின் அரையாயுள் தோலில் சுமார் 15 நாள், ஈறில் சுமார் 5 நாள், பல்லை எலும்போடு பிணைக்கும் தசைநாரில் ஏறத்தாழ 1 நாள். மனிதரில் எண்கள் மாறலாம்; ஈறின் கொலாஜன் தோலினும் விரைந்து மாறுகிறது என்னும் வரிசை முக்கியம். ஆக்கம் இவ்வளவு விரைவாக இருக்கும் திசுவில், அகற்றலில் நேரும் சிறு தடையும் சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாகிவிடும்.

அகற்றல் இரு வழிகளில் நடக்கிறது. ஒன்று உள்வழி: நார்ச்செல் தன் மேற்பரப்பிலுள்ள ஆல்ஃபா2பீட்டா1 இன்டெக்ரின் என்னும் பற்றியால் கொலாஜன் இழையைப் பிடித்து விழுங்கி, லைசோசோமுக்குள் கதெப்சின் நொதிகளால் செரிக்கிறது. அமைதியான அன்றாடப் புதுப்பிப்பு பெரும்பாலும் இவ்வழியில் நடக்கிறது. மற்றொன்று வெளிவழி: மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்னும் துத்தநாக நொதிகள் செல்லுக்கு வெளியிலேயே நாரை வெட்டுகின்றன. திசு விரைந்து உருமாறும்போதும் அழற்சியின்போதும் இவ்வழி மேலோங்குகிறது.

2. நோயில் நிகழும் மாற்றங்கள்

2.1 நான்கு படிகள்

பற்படலம்தான் ஈறு அழற்சியின் காரணம் என்பதை டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஹரால்ட் லோவும் உடன் ஆய்வாளர்களும் 1965-ல் நிறுவினர். நலமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தியதும் 10 முதல் 21 நாட்களில் அனைவருக்கும் அழற்சி வந்தது. துலக்கத் தொடங்கியதும் தணிந்தது.

திசுவுக்குள் அப்போது நடப்பதை ராய் பேஜும் ஹூபர்ட் ஷ்ரோடரும் 1976-ல் நான்கு படிகளாக வகுத்தனர். முதற்படியில் இரத்தக் குழாய்கள் விரிந்து நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் வெளியேறுகின்றன. இரண்டாம் படியில் லிம்ஃபோசைட்டுகள் குவிகின்றன. அவை ஊடுருவிய பகுதியில் கொலாஜனின் பாதிக்கு மேல் மறைந்துவிடுகிறது. மூன்றாம் படியில் பிளாஸ்மா செல்கள் மேலோங்குகின்றன. இதுவரை மீட்சி உண்டு. நான்காம் படியில் எலும்பும் கரைகிறது; அதுவே பல்சூழ் திசு அழற்சி. ஈறில் இரத்தம் தவிர வேறு அறிகுறி இல்லாத நாட்களிலேயே நார் இழப்பு கணிசமாக நடந்துமுடிகிறது என்பது இவ்வகைப்பாட்டின் முக்கியச் செய்தி.

2.2 நார் அறுபடும் விதம்

கொலாஜனை அதன் இயல்பான மும்முறுக்கு நிலையிலேயே வெட்டும் விலங்கு நொதியை ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியேரும் 1962-ல் கண்டது தலைப்பிரட்டையின் வாலில். தவளையாக மாறும்போது அந்த வால் எப்படிக் கரைகிறது என்ற கேள்வியே அவர்களை அங்கே கொண்டுசென்றது. ஈறிலும் அதே குடும்ப நொதிகள்தாம் இயங்குகின்றன: நார்ச்செல் தரும் எம்எம்பி-1, நியூட்ரோஃபில் தரும் எம்எம்பி-8, இவற்றோடு எம்எம்பி-13.

பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடு எபிதீலிய செல்களையும் மேக்ரோஃபேஜ்களையும் தூண்ட, இன்டர்லூக்கின்-1பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 ஆகியவை சுரக்கின்றன. இவை நார்ச்செல்லை இரு விதமாகத் திருப்புகின்றன: கொலாஜன் ஆக்கம் குறைகிறது, நொதி ஆக்கம் கூடுகிறது. நொதிகள் முதலில் செயலற்ற முன்வடிவில்தான் வெளிவரும். அவற்றிலுள்ள ஒரு சிஸ்டீன், துத்தநாகத்தைப் பூட்டி வைத்திருக்கும். பிளாஸ்மினோ, நியூட்ரோஃபில் உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலமோ, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் பாக்டீரியாவின் ஜிஞ்சிபெயின் நொதியோ அப்பூட்டைத் திறக்கிறது.

திறந்த நொதி கொலாஜன் மூலக்கூறை ஒரே இடத்தில் வெட்டி, முக்கால் துண்டு, கால் துண்டு என இரண்டாக்குகிறது. துண்டுகள் உடல் வெப்பத்திலேயே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகின்றன. ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கட்டிப்படுவது நெடுநேரக் கொதியில் முறுக்கு அவிழ்ந்த கொலாஜனால்தான். கொதிநீர் செய்யும் அவ்வேலைக்கு இங்கே ஒரு வெட்டு போதும். அவிழ்ந்த இழைகளை எம்எம்பி-2, எம்எம்பி-9 ஆகியவை பொடியாக்குகின்றன. இயல்பில் இவற்றை அடக்கிவைக்கும் டிம்ப் புரதங்களால் அழற்சியில் ஈடுகொடுக்க முடிவதில்லை.

2.3 பள்ளநீர் சொல்லும் செய்தி

கரைந்த பொருள்கள், பல்லுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் கசியும் நீரில் வந்து சேர்கின்றன. மைக்ரோலிட்டர் அளவே உள்ள இந்நீரைச் சிறு காகிதப் பட்டையில் ஒற்றியெடுத்து ஆய்வர். நியூட்ரோஃபிலின் எலாஸ்டேஸும் பீட்டா குளுக்குரோனிடேஸும் அழற்சியின் கடுமையைக் காட்டும். செல் சிதையும்போது அஸ்பார்டேட் அமினோடிரான்ஸ்ஃபரேஸ் உயரும். ஹயலூரோனான் மட்டும் மிகுந்திருந்தால் கரைவது மென்திசு. காண்ட்ராய்டின்-4-சல்ஃபேட் தோன்றினால் எலும்பும் கரையத் தொடங்கியிருக்கலாம். எலும்புக் கரைவின் பின்னணியில் புரோஸ்டகிளாண்டின் ஈ2-வும், எலும்புண்ணிச் செல்களைத் தூண்டும் ராங்க்எல் புரதமும் இருக்கின்றன.

2.4 ஆக்சிஜனேற்ற அழுத்தம்

நியூட்ரோஃபில் பாக்டீரியாவைக் கொல்ல சூப்பராக்சைடை வெளியிடுகிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்குகிறது. மையலோபெராக்சிடேஸ் அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகிறது. இவ்வமிலம் முன்வடிவ எம்எம்பி-8-ஐத் திறப்பதோடு, எலாஸ்டேஸை அடக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சினையும் செயலிழக்கச் செய்கிறது. ஒரே வினைப்பொருள் வெட்டுக் கத்தியை உருவிவிட்டு, காவலாளியையும் கட்டிப்போடுகிறது. செல் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்து மலோன்டையால்டிஹைடு சேர்கிறது. இரத்தப் பிளாஸ்மாவில் மைக்ரோமோலார் அளவிலுள்ள குளுட்டாதயோன், நலமான பள்ளநீரில் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. ஈறு தனக்கென்று வைத்திருக்கும் இந்தத் தற்காப்புச் சேமிப்பு நோயில் சரிகிறது.

3. மருந்தால் வரும் மிகைவளர்ச்சி

3.1 மூன்று மருந்துகள்

ஃபெனிடாயின் 1908-ல் ஜெர்மனியில் ஹைன்ரிக் பில்ட்ஸால் ஆக்கப்பட்டது. வலிப்பைத் தடுக்கும் அதன் திறனை மெரிட்டும் புட்னமும் 1938-ல் அறிவித்தனர். அடுத்த ஆண்டே, அதை உட்கொண்ட 119 பேரில் 57 விழுக்காட்டினருக்கு ஈறு வளர்ந்ததாகக் கிம்பால் எழுதினார். வைட்டமின் சி குறைவே காரணமாக இருக்கலாம் என்று அவர் ஐயுற்றார். அந்த ஐயம் நிலைக்கவில்லை. ஆனால் மருந்துக்கும் ஊட்டப்பொருள் ஒன்றுக்கும் தொடர்பிருக்கும் என்ற அவருடைய எண்ணம் பின்னாளில் வேறொரு வைட்டமின் வழியாக உயிர்பெற்றது.

உறுப்பு மாற்றம் பெற்றோருக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரினின் இதே விளைவு 1983-லும், இதயக் குழாய் நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் நிஃபெடிபினின் விளைவு 1984-லும் பதிவாயின. உட்கொள்வோரில் ஃபெனிடாயினுக்குப் பாதிப்பேர் என்றும், சைக்ளோஸ்போரினுக்கு 30 விழுக்காட்டினர் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நிஃபெடிபினுக்கு இது இன்னும் குறைவு. அதன் இனத்தைச் சேர்ந்த அம்லோடிபினுக்கு மிகச் சில விழுக்காடே. மூன்றும் மூளை, நோயெதிர்ப்பு, இதயம் என வெவ்வேறு இலக்குகள் கொண்டவை. ஆனால் மூன்றுமே செல்லுக்குள் சோடியம் அல்லது கால்சியம் அயனிகளின் நடமாட்டத்தையோ, அவற்றைச் சார்ந்த சமிக்ஞையையோ தொடுகின்றன.

3.2 திசுவின் தோற்றம்

வளர்ச்சி பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், முன்பற்களுக்கு இடையிலான ஈறு முனைகளில் தொடங்குகிறது. பல் இல்லாத இடத்தில் அரிதாகவே காணப்படும். நுண்ணோக்கியில் எபிதீலியம் தடித்து, அதன் விரல்கள் இணைப்புத் திசுவுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். செல்கள் புற்றுபோல் பெருகுவதில்லை. தனித்தனியே பருத்துவிடுவதும் இல்லை. செல்லிடைப் பொருள்தான் சேர்கிறது. அதனால்தான் செல் பெருக்கம் என்னும் பழைய பெயர் விடப்பட்டு, மிகைவளர்ச்சி என்ற பொதுப்பெயர் நிலைத்தது. சல்ஃபேட் ஏறிய கிளைக்கோசமினோகிளைக்கான்களும் கூடுகின்றன. மூன்றில் ஃபெனிடாயின் ஈறு மிகவும் நார்ச்செறிவுடையது, கெட்டியானது. சைக்ளோஸ்போரின் ஈறில் அழற்சி மிகுதி, தொட்டால் எளிதில் இரத்தம் வரும். நிஃபெடிபின் ஈறு இடைப்பட்டது.

3.3 உள்வழி அடைபடுதல்

நார்ச்செல் கொலாஜனை விழுங்குவதற்குச் செல்லுக்குள் கால்சியம் முறையாக விடுவிக்கப்பட வேண்டும். மேற்சொன்ன மருந்துகள் அதைக் குலைக்கின்றன. இன்டெக்ரின் பற்றியின் செயலும் தளர்கிறது. வளர்ப்புத் தட்டில் இம்மருந்துகள் சேர்க்கப்பட்ட நார்ச்செல்கள் கொலாஜனை விழுங்குவது குறைவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. விழுங்கியதைச் செரிப்பதிலும் தடை உண்டு: கதெப்சின் எல் இல்லாத எலிகளுக்கு மருந்தே இல்லாமல் ஈறு பெருக்கிறது.

ஃபோலேட் இரண்டாவது கண்ணி. ஃபெனிடாயின் ஃபோலிக் அமிலத்தைச் செல் உள்வாங்குவதைக் குறைக்கிறது. அதனால் கொலாஜனேஸ் முழு வலிமை பெறுவதில்லை என்பது ஒரு கருதுகோள். அதற்கு வலுச் சேர்க்கும் சோதனை ஒன்று புது தில்லியின் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நடந்து 2011-ல் வெளியானது. ஃபெனிடாயின் தொடங்கிய 6 முதல் 15 வயது வரையிலான 120 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் ஆறு மாதம் தரப்பட்டது. அவர்களில் 21 விழுக்காட்டினருக்கே ஈறு வளர்ந்தது. வெற்று மாத்திரை பெற்றோரில் 88 விழுக்காட்டினருக்கு வளர்ந்தது.

3.4 ஆக்கத்தின் பங்கு

தேக்கம் மட்டுமே முழு விடையன்று. டிஜிஎஃப்-பீட்டாவும், அதன் வழியில் எழும் சிடிஜிஎஃப் என்னும் இணைப்புத் திசு வளர்ச்சிக் காரணியும் கொலாஜன் ஆக்கத்தைத் தூண்டுகின்றன. பாஸ்டனில் நடந்த ஆய்வொன்று 2001-ல் மூன்று மருந்துகளின் ஈறுகளையும் ஒப்பிட்டது. சிடிஜிஎஃப் ஃபெனிடாயின் ஈறில் மிகுதியாகவும், நிஃபெடிபினில் அதனினும் குறைவாகவும், சைக்ளோஸ்போரினில் அதனினும் குறைவாகவும் இருந்தது. நுண்ணோக்கியில் தெரிந்த நார்ச்செறிவின் வரிசையோடு இது பொருந்துகிறது.

3.5 ஏன் எல்லோருக்கும் வருவதில்லை?

ஒரே மருந்து, ஒரே அளவு; ஒருவருக்கு ஈறு பல்லை மூடுகிறது, மற்றவருக்கு ஒன்றுமில்லை. ஃபெனிடாயினைக் கல்லீரல் சிஒய்பி2சி9 நொதியால் மாற்றுகிறது. அந்நொதியின் மரபு வடிவம் ஆளுக்காள் வேறுபடும். நார்ச்செல்களிலும் மருந்துக்கு மிகுதியாக எதிர்வினை காட்டும் வகையும், பொருட்படுத்தாத வகையும் உண்டு.

இந்தப் புதிர் நோய்க்கும் பொதுவானது. இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை லோவின் குழு 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. பல் மருத்துவ வசதி இல்லாத, பற்படலமும் காரையும் நிறைந்த அவர்களில் 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக நகர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டவே இல்லை. பாக்டீரியாவாயினும் மருந்தாயினும் தூண்டுதல் வெளியிலிருந்து வருகிறது. அதற்கு எவ்வளவு விளைவு என்பதைத் தீர்மானிப்பதில் திசுவின் பங்கு பெரிது.

4. ஒப்பீடு

ஈறின் கொலாஜனை ஓர் ஏரியாகக் கொண்டால், நீர்வரத்து நார் ஆக்கம். மதகு, நார்ச்செல் விழுங்கிச் செரிக்கும் உள்வழி. நோய் என்பது கரை உடைப்பு: மதகைக் கேட்காமல் நொதிகள் வெளிவழியில் நாரை அடித்துச் செல்கின்றன, வரத்தும் குறைகிறது. மருந்தின் விளைவு மதகு அடைப்பு: வரத்து வழக்கம்போல, சில வேளை சற்று மிகுதியாக, போக்கில்லை, நீர் ஏறுகிறது.

மதகு அடைபட்ட ஏரியின் கரையும் உடையலாம். மிகைவளர்ந்த ஈறுக்கடியில் பல் துலக்கி எட்டாத பள்ளங்கள் உருவாகின்றன, பற்படலம் சேர்கிறது, வெளியே திசு பெருக்க, உள்ளே எலும்பு கரைகிறது. அழற்சியும் தன் பங்குக்கு மிகைவளர்ச்சியை ஊட்டுகிறது: அதன் சைட்டோகைன்களும் வளர்ச்சிக் காரணிகளும், மருந்தால் ஏற்கெனவே தடுமாறும் நார்ச்செல்லை மேலும் தூண்டுகின்றன. பல் இல்லாத இடத்தில் வளர்ச்சி அரிதாக இருப்பதற்கு, அங்கே பற்படலம் தங்கும் பள்ளம் இல்லாததும் ஒரு விளக்கம்.

5. சிகிச்சைக்கு இதன் பொருள்

வழிகள் இரண்டென்பது சிகிச்சையிலும் தெரிகிறது. டெட்ராசைக்ளின் இன மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்வதோடு தொடர்பில்லாமலே கொலாஜனேஸை அடக்குவதை லோர்ன் கோலப்பின் குழு 1983-ல் காட்டியது. அதன் வழியில் 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், நாளுக்கு இருமுறை, பாக்டீரியாவைக் கொல்லப் போதாத அளவில், பல்சூழ் நோய்க்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது கரை உடைப்பை அடைக்கும் மருந்து. மறுபுறம் அசித்ரோமைசின் சைக்ளோஸ்போரின் ஈறைக் குறைக்கிறது. சைக்ளோஸ்போரினால் தடைபட்ட கொலாஜன் விழுங்கலை அது மீட்பதைச் செல் வளர்ப்புச் சோதனை காட்டியது. இது மதகைத் திறக்கும் மருந்து. இரண்டுமே நுண்ணுயிர்க்கொல்லிகள் என்றாலும், இங்கே அவற்றின் வேலை திசுவின் போக்குவழிகளில்.

மருந்தை மாற்றுவது நேரடித் தீர்வு: சைக்ளோஸ்போரினுக்குப் பதில் டாக்ரோலிமஸ், நிஃபெடிபினுக்குப் பதில் வேறு இன இரத்த அழுத்த மருந்து, ஃபெனிடாயினுக்குப் பதில் வேறொரு வலிப்பு மருந்து. அந்த முடிவு அந்தந்த நோயின் மருத்துவருடையது. ஈறைப் பார்த்து நோயாளி தாமே ஃபெனிடாயினை நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். சைக்ளோஸ்போரினை நிறுத்தினால் மாற்றிய உறுப்பே போகலாம். பெருத்த ஈறை அறுவையால் அகற்றலாம்; மருந்தும் பற்படலமும் தொடர்ந்தால் அது மீண்டும் வளரும்.

இந்த விளைவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இணைப்புத் திசுவை வளர்க்கும் குணம் ஈறில் தொல்லையென்றால் ஆறாத புண்ணில் உதவியாகலாம் என்ற எண்ணத்தில், ஃபெனிடாயின் நீரிழிவுப் புண்களிலும் தொழுநோய்ப் புண்களிலும் மேற்பூச்சாகச் சோதிக்கப்பட்டது.

முடிவுரை

நோயின் ஈறில் வெளிவழி கட்டவிழ்கிறது. மருந்தின் ஈறில் உள்வழி அடைபடுகிறது. எனவே வீக்கத்தின் அளவு திசுவின் நிலைக்குச் சான்றாகாது. பள்ளத்தின் ஆழம், இரத்தக் கசிவு, எலும்பின் மட்டம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான், பெருத்த ஈறுக்கடியில் இழப்பு நடக்கிறதா என்பது தெரியும். இரண்டு வழிகளுக்கும் பொதுவான கண்ணி அழற்சி. அழற்சியின் வேர் பற்படலம். மரபையும் நார்ச்செல்லின் வகையையும் மாற்ற இயலாது. உயிர்காக்கும் மருந்தைப் பலரால் விட இயலாது. பற்படலம் ஒன்றே எவர் கைக்கும் எட்டுவது. வளர்ச்சி முதல் மூன்று மாதங்களிலேயே தொடங்கிவிடுவதால், இம்மருந்துகளுக்கான முதல் சீட்டு எழுதப்படும் நாளிலேயே ஈறையும் பார்த்துப் பல்லைச் சுத்தம் செய்துவிடுவது, பின்னர் செய்யும் அறுவையைவிடப் பயன் மிக்கது.